அதே கிளாஸில் டீ வேண்டும்

டீ குடிக்காத ஊர் இன்று உலகத்தில் அநேகமாக இல்லை. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் குடிப்பது டீயைத்தான். ஆனால் குடிக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறுகிறது. சீனாவில் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் இலையின் மணத்துக்காகவே குடிக்கிறார்கள். துருக்கியில் இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி கிளாஸில் பாலில்லாத கடும் டீ. மொராக்கோவில் பச்சைத் தேயிலையோடு புதினாவும் கைநிறையச் சர்க்கரையும். காஷ்மீரில் உப்புப் போட்ட இளஞ்சிவப்பு டீ. இங்கிலாந்தில் கோப்பையில் முதலில் பாலை ஊற்றுவதா, டீயை ஊற்றுவதா என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கடையில் ஒருவருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும், ஒருவருக்குச் சர்க்கரை கம்மியாக வேண்டும், இன்னொருவருக்கு நுரை பொங்க நன்றாக ஆற்றித் தர வேண்டும்.

இதெல்லாம் நாக்கின் விருப்பம். இதில் யாருக்கும் தீங்கில்லை. நாம் இங்கே பேச வந்தது வேறொரு வேறுபாட்டைப் பற்றி. ஒரே கடை, ஒரே பாய்லர், ஒரே தூள், ஒரே விலை. ஆனால் கேட்பவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்துவிட்டுக் கிளாஸ் மாறுகிறது. இரட்டைக் குவளை என்று நாம் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம்தான். "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்ட நேரத்தில், அதை இன்னொரு முறை பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது போகவில்லை. பல ஊர்களில் வேஷம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

கிண்ணம் சொல்லும் சேதி

டீ ஊற்றித் தரும் பாத்திரம் வெறும் பாத்திரம் இல்லை. வாங்கிக் குடிப்பவரை ஊற்றிக் கொடுப்பவர் என்னவாக நினைக்கிறார் என்பதை அது சொல்லிவிடும். உஸ்பெகிஸ்தானில் விருந்தாளிக்குப் பியாலா என்ற கைப்பிடியில்லாத கிண்ணத்தில் டீ தருவார்கள். அதை நிரப்ப மாட்டார்கள், பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. குறைவாக ஊற்றினால்தான் திரும்பத் திரும்ப எழுந்து வந்து ஊற்ற முடியும். "நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்" என்பது அதன் பொருள். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், "குடித்துவிட்டுக் கிளம்பலாம்" என்று அர்த்தமாகிவிடும். அளவு ஒரு சேதி.

திபெத்தில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த டீ. அங்கே பழைய வழக்கப்படி ஒவ்வொருவரும் தன் மரக் கிண்ணத்தை அங்கியின் மடிப்பில் வைத்துக்கொண்டே போவார்கள். பெரிய துறவியும் அப்படித்தான், சாதாரண ஆளும் அப்படித்தான். போகிற வீட்டில் தன் கிண்ணத்தை எடுத்து நீட்டினால் அதில் ஊற்றுவார்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை.

இதே காரியம் நம் ஊர்களில் எப்படி இருந்தது? வயலில் வேலை செய்கிற நம் தாத்தாவும் பாட்டியும் கொட்டாங்குச்சியைக் கையோடு கொண்டுபோனார்கள். களைப்புக்குத் தூக்குவாளியில் டீ வந்தால் மேலேயிருந்து அதில் ஊற்றினார்கள். கொட்டாங்குச்சி இல்லாதவர்கள் கையைக் குவித்து ஏந்தினார்கள். திபெத்துக்காரர் தன் கிண்ணத்தைத் தானே விரும்பி எடுத்துப்போனார், எல்லோரும் எடுத்துப்போனதால் எடுத்துப்போனார். நம்மவர்கள் எடுத்துப்போனது, ஊர்ப் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்ற கட்டளைக்காக. தனிப் பாத்திரம் என்பதே இழிவாகிவிடாது. யாருக்கு மட்டும் தனிப் பாத்திரம், அதை யார் முடிவு செய்தது என்பதில்தான் இழிவு இருக்கிறது. பேப்பர் கப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் நமக்கு உதவும்.

ஜப்பானில் ஒரே கிண்ணம்

ஜப்பானில் டீ குடிப்பதை ஒரு சடங்காகவே வளர்த்திருக்கிறார்கள். அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ. 1522இல் பிறந்து 1591இல் இறந்தவர். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்து ஜப்பானில் வாள் ஏந்திய சாமுராய் மேலே, வியாபாரி கீழே. ரிக்யூவின் டீ அறைக்கு ஆள் நிமிர்ந்து நுழைய முடியாத சின்னச் சதுர வாசல், இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். உள்ளே போக வேண்டுமானால் எவ்வளவு பெரிய படைத்தலைவனும் குனிந்து, முழங்காலால் தவழ்ந்துதான் போக வேண்டும். வாளை வெளியே அதற்கென்று இருக்கும் தட்டில் வைத்துவிட வேண்டும். உள்ளே கெட்டியாகக் கரைத்த பச்சைத் தேயிலைப் பொடியை ஒரே கிண்ணத்தில் கொடுப்பார்கள். முதல் ஆள் சில மடக்குக் குடித்து, வாய் வைத்த விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் தருவார். அவர் குடித்து அதற்கடுத்தவரிடம் தருவார். ஒரே கிண்ணம் எல்லோர் கையையும் சுற்றி வரும்.

ஜப்பானில் சாதி மாதிரி எதுவும் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தோல் வேலையும் மாடறுக்கும் வேலையும் செய்த மக்களை அங்கேயும் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். புராக்குமின் என்று இன்று அழைக்கப்படும் அவர்களுக்கு 1871இல் அரசாணை சம உரிமை கொடுத்தது. ஆணை காகிதத்தோடு நின்றுவிட்டதால், 1922இல் கியோட்டோவில் கூடி சூய்ஹெய்ஷா என்ற இயக்கத்தை அவர்களே தொடங்க வேண்டியிருந்தது. மட்டமாக நிற்கும் தண்ணீரைப் போல எல்லோரும் சமம் என்ற பொருளில் வைத்த பெயர் அது. ஆக, எந்த நாட்டுப் பழக்கமும் அப்பழுக்கில்லாதது அல்ல. ஆனாலும் அந்த டீ அறையிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு பழக்கத்தை மனிதன்தான் உண்டாக்குகிறான். குனிய வேண்டியது யார் என்பதையும் அவனே முடிவு செய்கிறான். அங்கே வாள் வைத்திருந்தவன் குனிந்தான். இங்கே களைக்கொட்டு வைத்திருந்தவன் குனிந்தான்.

பறித்த கை

இந்தப் பேச்சில் நமக்கு ஒரு தனி உரிமையும் இருக்கிறது. உலகம் குடிக்கிற டீயில் நம் மக்களின் வியர்வை கலந்திருக்கிறது. இலங்கையில் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் அங்கே காபிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவியது. சில வருஷங்களில் காபித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அந்த மலைகளில் காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைகள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட குடும்பங்கள் அதில் ஏராளம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதே கதைதான்.

மலையை டீயாக்கிய அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? இலங்கை சுதந்திரம் பெற்றதும் 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். அப்படித் திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. இங்கேயே இருந்தவர்கள் கதையும் சுகமாக இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், கைதானவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. அதில் கைக்குழந்தையும் உண்டு.

கொழுந்தைப் பறித்தது நம் கை. அதைக் கூடையில் சுமந்தது நம் முதுகு. அந்தக் கை பட்ட இலை வாடி, உலர்ந்து, தூளாகிக் கடைக்கு வரும்போது யாரும் தீட்டுப் பார்ப்பதில்லை. அதே கை ஒரு கண்ணாடி கிளாஸைத் தொட்டால் மட்டும் தீட்டு வந்துவிடுகிறது. தீட்டு என்ற சொல்லில் நியாயமோ அறிவோ கொஞ்சமாவது இருந்தால் இப்படி இருக்குமா? இதைப் படிக்கிற மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

டீக்கடை கொடுத்த வாக்கு

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு டீ பழைய சொத்து இல்லை. நம் பூட்டன் காலத்தில் கூழும் நீராகாரமும்தான். 1930களில் உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தபோது, விற்காத சரக்கை உள்நாட்டிலேயே விற்பதற்காகத் தேயிலைக்காரர்கள் ஊர் ஊராக வந்து டீ போட்டுக் காட்டினார்கள், இலவசமாகவும் கொடுத்தார்கள். காபி ஏற்கனவே வசதியானவர்களின் பானமாகியிருந்தது. அன்றைய காபி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியாரின் தொண்டர்கள் பல மாதம் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். டீயோ உழைக்கிறவனின் பானமாக வந்தது. மில் தொழிலாளி, வண்டிக்காரர், கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் கட்டுப்படியான விலை. தூள் டீயில் சாயம் சீக்கிரம் இறங்கும், ஒரு கிலோவுக்கு நிறைய கிளாஸ் தேறும். பசியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடும்.

டீயோடு டீக்கடையும் வந்தது. கோயிலைப் போல, குளத்தைப் போல ஆயிரம் வருஷத்து விதி அதற்குக் கிடையாது. புதிதாக வந்த இடம். காசு கொடுத்தவன் உட்காரலாம், பேப்பரை எடுத்துப் படிக்கலாம், படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்து ஆள் வாசித்துக் காட்டலாம். ஊரும் சேரியும் ஒரே பெஞ்சில் உட்காரக் கிராமத்துக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு என்று அதைச் சொல்லலாம்.

அந்த வாய்ப்பைச் சாதி உடனே பிடித்துக்கொண்டது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு அலுமினியக் குவளை. ஊர்க்காரர் கிளாஸ் உள்ளே தட்டில், நம் குவளை வெளியே கீற்றில் செருகியபடி. ஊர்க்காரர் குடித்த கிளாஸைக் கடைக்காரர் கழுவுவார், நம் குவளையை நாமே எடுத்து, நாமே கழுவி, எடுத்த இடத்தில் நாமே வைக்க வேண்டும். ஊர்க்காரர் பெஞ்சில், நாம் தரையில் அல்லது நின்றபடி. வெள்ளைத் தலையோடு நம் அப்பா வயதுக்காரர் காசை நீட்டினால், மீசை முளைக்காத பையன் "என்னடா வேணும்?" என்று கேட்பான். ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்பது இங்கே பொய். டீயே நம் ஊருக்கு வந்து நூறு வருஷம் ஆகவில்லை. இரட்டைக் குவளையை நம் பாட்டன் காலத்து ஆட்கள்தான் உண்டாக்கினார்கள். உண்டாக்கியதை ஒழிக்கவும் முடியும்.

பேப்பர் கப்பின் பின்னால்

இரண்டு குவளையை வெளிப்படையாக வைத்தால் வழக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்காகப் போராடியவர்கள், அடிபட்டவர்கள், வழக்கு நடத்தியவர்கள் பலர். அவர்களால்தான் கீற்றில் செருகிய குவளை பெரும்பாலான ஊர்களில் இறங்கியது. ஆனால் அது இறங்கிய இடத்தில் சில ஊர்களில் பேப்பர் கப் ஏறியது.

எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. சில கடைகளில் நடப்பது அப்படி இல்லை. ஊர்த் தெருக்காரர் வந்தால் கேட்காமலே கண்ணாடி கிளாஸ் வருகிறது. காலனிக்காரர் வந்தால் கேட்காமலே பேப்பர் கப் வருகிறது. யாராவது கேட்டால், "சுத்தத்துக்காக" என்று பதில். சுத்தம் என்றால் எல்லோருக்கும்தானே சுத்தம்? கிளாஸைச் சுடுதண்ணீரில் கழுவினால் எந்த வாயின் எச்சிலும் போய்விடும். சாதியின் எச்சில் என்று தனியாக ஒன்று இல்லை. வட நாட்டு ரயில் நிலையங்களில் குடித்துவிட்டு உடைத்துப்போடும் மண் குல்ஹட்டைப் பலரும் புகழ்கிறார்கள். மண் வாசனை நல்லதுதான். ஆனால் அடுத்தவர் வாய் வைத்த பாத்திரத்தைத் தொடக் கூடாது என்ற தீட்டுக் கணக்குக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தூக்கி எறிகிற பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சாதிக்குப் புதிதல்ல.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. தடையைச் சரியாக அமல்படுத்தினால் அந்தக் கப் கடையை விட்டுப் போகும், கண்ணாடி கிளாஸ் திரும்பி வரும். சுற்றுச்சூழலுக்கு அது நல்லது. ஆனால் கிளாஸ் திரும்பி வரும்போது, ஒரு வரிசைக் கிளாஸாக வருமா, இரண்டு வரிசையாக வருமா? இதைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். இரண்டு வரிசை அடுக்கி வைத்த பிறகு கேட்பதைவிட, அடுக்குவதற்கு முன்னால் கேட்பது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது

"கடை என்னுடையது, யாருக்கு எதில் கொடுப்பது என்பது என் இஷ்டம்" என்று சிலர் பேசுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதை எந்த வடிவத்திலும் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் இதைப் பற்றி விவாதம் நடந்தபோது, கடை என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அதற்கு விரிவான பொருள் சொன்னார். தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம் எதுவானாலும் அது கடைதான் என்பது அவர் விளக்கத்தின் சாரம். கடையைத் திறந்து வைத்துவிட்டால் அது பொது இடம். பாய்லர் உங்களுடையது, வாடிக்கையாளரின் மானம் உங்களுடையது இல்லை.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமே, 1976க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதில் குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் இன்னும் கடுமையானது. பொது இடத்தில் பொதுவாகப் பயன்படுத்தும் பாத்திரங்களைத் தடுப்பது இந்தச் சட்டத்திலும் இப்போது குற்றம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை, அதோடு அபராதம். டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். முன்ஜாமீன் இல்லை. வாயால் சொன்ன புகாரைக் காவல் நிலையத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

எங்கும் இப்படித்தான் கேட்டார்கள்

உரிமை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது, யாராவது போய்க் கேட்க வேண்டும். 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பம்பாய் மாகாணத்தில் 1923இலேயே அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கிக் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

அமெரிக்காவிலும் இதே வழிதான். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வுல்வொர்த் என்ற பெரிய கடைக்குள் போனார்கள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டது. பிறகு வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்காரும் சிற்றுண்டிப் பலகையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தர மறுத்தார்கள். மாணவர்கள் கத்தவில்லை, கடை மூடும்வரை எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. அதே வருஷம் ஜூலை 25 அன்று அந்தப் பலகையில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். பற்பசைக்குக் கொடுத்த காசு செல்லும், காபிக்குக் கொடுக்கும் காசு செல்லாதா என்பதுதான் அந்த நான்கு பேர் கேட்ட கேள்வி. நம் டீக்கடைக் கேள்வியும் அதேதான்.

நாம் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் தனியாளாகப் போய்க் கடையில் சண்டை போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊர் நிலவரம் நமக்குத் தெரியும். வேலை தருகிறவரும் அவர்தான், அவசரத்துக்குக் கடன் தருகிறவரும் அவர்தான். ஒரு கிளாஸுக்காகக் குரல் கொடுத்தால் நாற்று நட ஆள் கூப்பிட மாட்டார்கள், மளிகைக் கடையில் சாமான் தர மாட்டார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் அப்படிச் சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எதைச் செய்தாலும் கூட்டாகச் செய்யுங்கள்.

முதலில் கவனியுங்கள். உங்கள் ஊர்க் கடையில் யாருக்கு எதில் டீ வருகிறது, யார் உட்காருகிறார்கள், யார் கிளாஸை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். பிறகு கடைக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணே, எங்களுக்கும் கிளாஸிலேயே கொடுங்க" என்று கேட்பதில் தவறில்லை. கடைக்காரர் பலர் கெட்டவர்கள் இல்லை. காலனிக்காரருக்குக் கிளாஸ் கொடுத்தால் ஊர்க்காரர் வராமல் போய்விடுவார் என்ற பயத்தில் இருப்பவர்கள்தான். அவருக்குத் துணையாக ஊராட்சித் தலைவரையும், பள்ளி ஆசிரியரையும், ஊர்த் தெருவில் இருக்கிற நல்ல மனிதர்களையும் அழைத்துப் பேசுங்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அப்படியும் நடக்கவில்லையென்றால் புகார் கொடுங்கள். புகாரை வாங்கிக்கொள்ள வேண்டியது காவல் நிலையத்தின் கடமை, சலுகை இல்லை.

ஊர்த் தெருவில் பிறந்து இதைப் படிக்கிற மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களோடு ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பன், ஊர் டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாமல் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கிளாஸில் கொடுங்க" என்று நீங்கள் கேளுங்கள். அவன் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் ஊர் சீக்கிரம் கேட்கும். அவன் வாயை அடைக்க ஆள் இருக்கிறது, உங்கள் வாயை அடைப்பது கஷ்டம்.

நகரத்தில் இருக்கிறவர்களும் இதைக் கிராமத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்து, அதை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைக்கிற வீடுகள் எத்தனை! சட்டம் அந்த சமையலறைக்குள் வந்து பார்க்காது. பார்க்க வேண்டியவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

டீயில் அவரவர் நாக்குக்கு ஏற்ப எவ்வளவு வேறுபாடு வேண்டுமானாலும் இருக்கட்டும். உப்புப் போடுகிறவர்கள் போடட்டும், புதினா போடுகிறவர்கள் போடட்டும், பாலே வேண்டாம் என்பவர்கள் கட்டன் டீ குடிக்கட்டும். நமக்கு ஸ்ட்ராங்கா லைட்டா என்று கடைக்காரர் கேட்கட்டும், மகிழ்ச்சியோடு பதில் சொல்வோம். நீ எந்தத் தெரு என்று அவர் கண்ணால்கூடக் கேட்கக் கூடாது. உங்கள் ஊரில் அடுத்த முறை புதிதாக ஒரு கடை திறக்கும்போது, பாய்லருக்குப் பூ வைத்துச் சூடம் காட்டுகிற அன்றைக்கே போய்ப் பாருங்கள். கிளாஸ் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, முதல் டீயைச் சொல்லுங்கள்.